தொக்கணத்தின் பத்தாம் வகை: 'ம்' கொட்டல் குறித்த ஓர் ஆய்வு

சித்த மருத்துவத்தில் புற மருந்துகள் 32. அவற்றுள் ஒன்று தொக்கணம். பாமர வழக்கில் உடம்பு பிடித்துவிடுதல், பணம் கொடுப்பவர் வழக்கில் மசாஜ். இதை முன்னோர் ஒன்பதாகப் பகுத்தனர்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஐரோப்பியர் ஐந்தோடு திருப்தியடைந்தார்கள்; அந்த வகைப்பாடு ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் (1838–1909) பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. இரு மரபினரும் கையோடு நின்றுவிட்டார்கள். வாயை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. தெரபிஸ்ட் நாள் முழுக்கச் செய்யும் பத்தாவது தொழிலான 'ம்' கொட்டலை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் களத்தை விளக்க வேண்டும். வாடிக்கையாளர் குப்புறப் படுத்திருக்கிறார். முகம் மேசையின் துளைக்குள் இருக்கிறது. அவர் கண்ணுக்குத் தெரிவது தரையும் இரண்டு பாதங்களும் மட்டுமே. எதிராளியின் முகம் தெரியாத இடத்தில் மனிதர்களுக்குப் பேச்சு பெருகும். பாகப்பிரிவினை, சம்பந்தி சண்டை, மேனேஜரின் குணநலன் எல்லாம் அந்தத் துளை வழியாகவே தரையில் இறங்குகின்றன. பாதத்துக்கு உரியவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்பதற்கு ஒலிச்சான்று தேவை. அதுவே 'ம்'.

வேறு எழுத்து ஏன் கூடாது என்று கேட்கலாம். உடற்கூறு விடை சொல்கிறது. மேசையின் உயரம் சரியாக இருந்தால் அழுத்தும் விசை தோளிலிருந்து வருவதில்லை. காலை ஊன்றி, உடல் எடையையே சாய்த்து முழங்கை வழியாக இறக்க வேண்டும். மேசை உயர்ந்துவிட்டால் பாரம் கட்டைவிரலுக்குப் போகும், தாழ்ந்துவிட்டால் இடுப்புக்கு. ஊரார் முதுகை நிமிர்த்தும் இத்தொழிலில் சீக்கிரம் தேய்வது செய்பவரின் கட்டைவிரல் மூட்டு. அப்படிச் சாய்ந்து நிற்கையில் மூச்சைச் சீராக விட வேண்டும். 'அப்படியா சார்? அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டால் மூச்சும் போகும், தாளமும் போகும். உதடு பிரியாமல் மூக்கு வழியாகவே பிறக்கும் மகரம் ஒன்றுதான் எடை குறையாமல் வெளிவரும்.

இனி இலக்கணம். நன்னூலார் மெய்க்கு அரை மாத்திரை கொடுத்தார். மகரக்குறுக்கத்துக்குக் கால், ஒற்றளபெடைக்கு ஒன்று. இந்த அளவுகள் செய்யுளுக்குப் போதும், மேசைக்குப் போதா. மருமகள் விவகாரத்துக்கு மூன்று மாத்திரைக்குக் குறைந்த 'ம்' எடுபடாது; அதில் இரக்கம் இருக்க வேண்டும், ஆனால் மருமகள் மீது குற்றம் இருக்கக் கூடாது, ஏனென்றால் அடுத்த வாரம் அவரே கழுத்துவலியோடு வரலாம். அரசியலுக்கு வைப்பது கால் மாத்திரை 'ம்'. அது எந்தக் கட்சிக்கும் ஆதரவாகப் பதிவாகாது. கடைசியில் தூக்கி முடியும் 'ம்?' தனி இனம். அழுத்தம் தாங்குகிறதா என்பது அதன் பொருள். 'எனக்கு மாதிரி இறுக்கமான தோள்பட்டையைப் பார்த்திருக்கவே மாட்டியே தம்பி?' என்று பெருமையோடு கேட்பவருக்கு இரட்டை 'ம்ம்' மரபு. அன்று காலையிலிருந்து அப்படிக் கேட்ட எல்லோருக்கும் அதுவே வழங்கப்பட்டது.

இங்கே ஓர் எதிர்வழக்கைத் தீர்க்க வேண்டும். சலூனில் பேசுபவர் கடைக்காரர், 'ம்' கொட்டுபவர் வாடிக்கையாளர், விதி தலைகீழாகிறதே? ஆகவில்லை. அங்கே தொண்டைக்கு அருகில் கத்தி இருக்கிறது.

மேசையிலிருந்து எழும்பும் 'ம்' இன்னும் சிக்கலானது. அது சுகமாக இருக்கலாம், வலியாக இருக்கலாம், தூக்கமாகவும் இருக்கலாம். ஒலியை நம்பாமல் கால்விரலைப் பார்ப்பது தேர்ந்தவர் வழக்கம். விரல் மடங்கினால் வலி. உடனே கையை இளக்குவார். தளர்ந்து கிடந்தால் சுகம். குறட்டை வந்தால் ஐயத்துக்கு இடமில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் குறட்டைக்கு மதிப்பளித்துக் கை ஒரு நொடி நின்றால் போதும், 'தூங்கல, நீ செய்' என்று துளைக்குள்ளிருந்து குரல் வரும்.

'ம்' என்பது வெறும் மரியாதை என்று நானும் எழுதி முடித்திருப்பேன். ஆனால் அது நிற்கும் இடங்கள் வேறு கதை சொல்கின்றன. பேச்சுவாக்கில் ஒருவர், 'ராத்திரி முழுக்க பஸ்ல உட்கார்ந்தே வந்தேன், இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா இருக்கு, அதை நல்லா அழுத்திவிடு' என்கிறார். 'ம்' வராது. கையும் நின்றுவிடும். காலின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தால், அழுத்தும்போது கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். தெரிந்த தெரபிஸ்ட் அவரை எழுப்பி உட்காரவைத்து டாக்டரிடம் அனுப்பிவிடுவார், அன்றைய வருமானம் போனாலும். காய்ச்சல், புதுக் காயம், எலும்பு முறிவு என்றாலும் இதே கதிதான். ஆக, சம்பந்தி சண்டை முழுவதையும் அவர் காது கொடுத்துக் கேட்பது அதற்கு நடுவே இப்படியொரு வாக்கியம் நழுவி விழலாம் என்பதற்காகத்தான்.

மாலையில் 'ம்' ஓய்கிறது, துண்டுகள் தொடங்குகின்றன. எண்ணெய் இறங்கிய துண்டை வெந்நீரும் சோப்பும் ஒரே அலசலில் விடுவிப்பதில்லை. எண்ணெய் மிச்சமிருக்கும் துண்டுகளைச் சூடான உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்துக் குவித்துவைத்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும் என்பதால் மொட்டை மாடிக் கொடியே உத்தமம். துவைக்கும்போது யாரும் பேசுவதில்லை. தெரபிஸ்டுகள் வீட்டுக்குப் போனதும் வாய் திறக்காததற்குக் காரணம் கோபம் அல்ல என்பதை அவர்தம் குடும்பத்தார் கவனிக்கவும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சமீபத்தில் ஆபரேஷன் ஆனதா, கர்ப்பமா என்பதை மேசையில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். சம்பந்தியைப் பற்றிப் படுத்த பிறகு சொல்லலாம்.