கல்யாணத்துக்கும் கம்பெனிக்கும் ஒரே பை

கண் டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்ல யாருக்கும் தோன்றாது. போட்டோகிராபரிடம் மட்டும் எதையும் சொல்லலாம். திங்கட்கிழமை காதுகுத்து, புதன்கிழமை நகைக்கடை விளம்பரம், வெள்ளிக்கிழமை நூற்பாலை, ஞாயிறு அதிகாலை முகூர்த்தம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு லென்ஸ் வாங்கினால், நாளைக்கு அந்த லென்ஸ்களை வைக்க வீடு இருக்காது.

என் பையில் குடும்பத் தலைவர் 24-70 ஜூம். மணவறை முன்னால் புரோகிதர், வீடியோக்காரர், சும்மா நிற்கும் சித்தப்பா ஆகிய மூவருக்கும் நடுவே கிடைக்கிற சந்தில் 24 நுழைந்துவிடும். பெண் கண் கலங்கினால், நின்ற இடத்திலேயே 70க்குப் போய்விடலாம்.

அடுத்தது 70-200. எடை சுமார் ஒன்றரைக் கிலோ. தேரோட்டத்துக்கும் அரசியல் கூட்டத்துக்கும் இது வேண்டும். கல்யாணத்திலும் மாட்டிக்கொள்வேன், தாய்மாமன் பார்ப்பதற்காக. லென்ஸின் நீளத்தை வைத்துத்தான் எங்கள் திறமையை அளக்கிறார்கள். இதைக் கழுத்தில் தொங்கவிட்டால் எனக்கு முதல் பந்தியிலேயே இலை உண்டு.

உண்மையில் உழைப்பது 50 எம்எம் எஃப் 1.8. இருப்பதிலேயே சின்னது, மலிவானது. குத்துவிளக்கு வெளிச்சத்திலும் முகம் கொடுக்கும். ஆனால் அதை மாட்டினால், "தம்பி, லென்ஸ் சின்னதா இருக்கே, ரேட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடக்கூடாதா?" என்று பெண்ணின் அப்பா ஆரம்பித்துவிடுவார்.

இதே சின்னவன்தான் நகைக்கடைக்கும் வருகிறான். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்றை மாட்டினால் போதும். உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் வளையம். லென்ஸ் சென்சாரை விட்டுத் தள்ளிப்போவதால் மூக்குத்திக் கல்லுக்குப் பக்கத்தில் போய் ஃபோகஸ் பண்ண முடிகிறது. மேக்ரோ லென்ஸ் இதைவிட நேர்த்திதான், மறுக்கவில்லை. வேண்டுகிற அன்று அதை வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். நகையில் பெரிய தொல்லை லென்ஸ் அல்ல, பளபளப்பு. எதிரில் இருப்பதையெல்லாம் தங்கம் வாங்கிக் காட்டும். கட்டம் போட்ட சட்டையோடு போனால், காசுமாலையின் ஒவ்வொரு காசிலும் லட்சுமிக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். அதனால் கறுப்புச் சட்டையும் என் உபகரணக் கணக்கில் சேர்த்தி. கூடவே இரண்டு தெர்மாகோல் அட்டை.

தெர்மாகோல் பந்தலிலும் உதவும். ஃபிளாஷை மேலே திருப்பி அடித்தால் வெளிச்சம் மெத்தென்று விழும் என்பது வெள்ளைக் கூரைக்கான பாடம். நம் பந்தல் துணியோ சிவப்பு. மேலே அடித்தால் மாப்பிள்ளை மிளகாய்ப் பழமாகத் திரும்பி வருவார். அட்டை கைவசம் இல்லையா, வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கிற அகலமான பெரியவரைத் தேடிப் பிடித்து அவர் மேல் அடிக்க வேண்டியதுதான்.

நூற்பாலையில் லென்ஸைக் கழற்றவே கூடாது. காற்றெல்லாம் பஞ்சு. சென்சாரில் ஓர் இழை ஒட்டிக்கொண்டால் வழுக்கைத் தலை முதலாளிக்குப் படத்துக்குப் படம் ஒரு முடி முளைக்கும். அவர் சந்தோஷப்படலாம், விளம்பரக் கம்பெனி படாது. ஆகவே கேமரா இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸை மாட்டியே கொண்டுபோவேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் படத்தில் பட்டை விழாது. இதற்குக் காசு செலவில்லை.

என்னைக் கேட்டால் இரண்டு கேமரா, இரண்டு ஜூம், ஒரு ஐம்பது, ஒரு ஃபிளாஷ் போதும். மிச்சமெல்லாம் வாடகை. பக்கவாட்டு ஜிப்பில் சேஃப்டி பின் கட்டாயம். மணப்பெண்ணின் முந்தானை நழுவும்போது மொத்தப் பையிலும் அதற்குத்தான் மதிப்பு.

ஒன்றே ஒன்றுக்குத்தான் எந்தக் கடையிலும் கருவி கிடைக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்துவிடுகிறீர்கள். தாலி ஏறுகிற அந்த அரை நிமிடம் கொஞ்சம் விலகி நில்லுங்கள். ஆல்பத்தில் உங்கள் முதுகுக்குத் தனிப் பக்கம் ஒதுக்க முடியாது.