ஒம்பது வாலு நரியும் நம்ம சாமியாடியும்

ஏலே மக்கா, ஜப்பான்காரன் பொம்மைப் படத்தப் பாத்துப் பாத்து உடன்குடிப் பயலுவ எல்லாம் குட்டிச்சுவராப் போயிட்டானுவன்னு பஜார்ல ஒரு பேச்சு ஓடுது. நான் அந்தக் கட்சி இல்ல. நீ தாராளமாப் பாரு. ஆனா பாக்கதுல ஒரு நேர்மை வேண்டாமாலே?

நெத்தியில தகடு தச்ச துணியக் கட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பொறத்தால நீட்டிக்கிட்டுத் தேரிக்காட்டுல ஓடுதியே, யாரு வேசம்லேன்னு கேட்டேன். நருட்டோன்ன. அவன் வயித்துக்குள்ள ஒம்பது வாலு நரி ஒண்ணு கெடக்காம். பொறந்த அன்னைக்கே பெத்த அப்பன் அதப் புடிச்சு உள்ள அடைச்சு வச்சானாம். கோவம் தலைக்கேறுனா நரி வெளிய வந்து ஆடுமாம். சொல்லும்போதே ஒனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நல்லது. ஆனா சுடலைமாடன் கொடையில ஒங்க பெரியப்பன் மேல சாமி எறங்கி ஆடுனப்ப, "இந்தக் காலத்துலயும் இப்படியா"ன்னு செல்போனுக்குள்ள தலைய விட்டியே, அது என்ன நியாயம்? நரி எறங்குனா கலை, மாடன் எறங்குனா மூடநம்பிக்கையா?

ஒந் தங்கச்சி டோரேமான் கட்சி. காது ரெண்டையும் எலி கடிச்சதுக்கு அப்புறம் எலியக் கண்டாலே நடுங்குத நீலப் பூனை. 1969 கடைசியில பொறந்த கதை. 2008-ல ஜப்பான் வெளியுறவுத் துறையே அதத் தூதுவரா வச்சுது. அது எப்பப் பாத்தாலும் திங்குதே டோராயாகி, அதச் செஞ்சு தாங்கன்னு ஆச்சிகிட்ட ஒரே அடம். என்ன பண்டம்னு விசாரிச்சேன். செவப்புப் பயற வேகவச்சு, இனிப்புச் சேத்து மசிச்சு, ரெண்டு அப்பத்துக்கு நடுவுல வச்சது. அடிப்பாவி, பாசிப்பயற வறுத்துப் பொடிச்சு, கருப்பட்டிப் பாகுல உருட்டி, மாவுல முக்கிப் பொரிச்செடுத்த முந்திரிக்கொத்து டப்பா நெறைய இருக்கு. "பழைய பலகாரம்"னு மூக்கச் சுழிச்சவளும் இவதான்! முந்திரிக்கொத்து திங்க ஒரு பூனை நமக்கு இல்லாமப் போச்சு, அவ்வளவுதான் கொறை.

ஷின்சான் வேற சாதி. அந்த அஞ்சு வயசுப் பய வாய்த்துடுக்குக்கு டெல்லியே பயந்துது. 2008-ல தடையப் போட்டாவ. அடுத்த வருசம் வெட்டித் திருத்தி மறுபடி விட்டாவ. வெட்டுனதுக்கு அப்புறமும் ஒங்க வீட்டுல எதுத்துப் பேசுதது கொறையலையே, அப்போ யார்கிட்டலே படிச்சீய?

சரி, சங்கதிக்கு வாரேன். ஜப்பான்காரன் சரக்கு ஒலகம் பூராவும் எப்படி ஓடுதுன்னு கேட்டா, படிச்சவன் ஆயிரம் சொல்லுவான். நான் கருப்பட்டி வியாபாரி. எனக்குத் தெரிஞ்சது சீனி கலக்காத சரக்கு. 2023-ல உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு குடுத்தது, விடிலியில பதனியக் காய்ச்சிச் சிரட்டையில ஊத்துன அந்தக் கருப்பு ருசிக்கு. வெளியூர்க்காரனுக்குக் கண்ணுக்கு வெள்ளையா இருக்கட்டும்னு அதுல சீனியக் கொட்டுதவனும் நம்மூருலதான் இருக்கான். பேரு வேண்டாம், அவனும் வாசிப்பான்.

ஜப்பான்காரனுக்கும் சீனி கலக்க ஆளு வந்தான். போக்கிமான் படத்துல பயலுவ சோத்து உருண்டை திங்கானுவ. அமெரிக்காவுல குரல் குடுத்தவன், சோறுன்னா நம்ம புள்ளையளுக்குப் புரியாதுன்னு, அத ஜாம் வச்ச டோனட்டுன்னு பேசுனான். வெள்ளை வெளேர்னு முக்கோணமாக் கெடக்கு சோறு. வாயி சொல்லுது டோனட்டு! அந்தக் கூத்த இன்னைக்கும் சொல்லிச் சிரிக்காவ. மியாசாகின்னு ஒரு டைரக்டர் எடுத்த நவுசிக்கா படத்தையும் இப்படித்தான் 1985-ல இருவது நிமிசத்துக்கு மேல நறுக்கி, பேரையும் மாத்தி ஓட்டுனாவ. சூடு கண்ட பூனையாட்டம் ஆயிட்டாவ மியாசாகியோட ஜிப்லி கம்பெனிக்காரவ. பொறவு அவரோட இளவரசி மொனோனோகே படம் அமெரிக்காவுக்குப் போகையில, அங்கன உள்ள விநியோகஸ்தருக்குத் தயாரிப்பாளர் சுசுகி ஒரு வாளக் குடுத்து "வெட்டு கூடாது"ன்னுட்டாரு. படம் வெட்டுப்படாமத்தான் போச்சு. எனக்கு அந்த மனுசனப் புடிச்சுப் போச்சுலே. நம்ம பக்கத்துல பொறந்திருந்தா அருவாளக் குடுத்திருப்பாரு. அதுக்கப்புறம் அவிய ஊருச் சாமியெல்லாம் குளிக்க வாரத வச்சு மியாசாகி எடுத்த படம் 2003-ல ஆஸ்கர் வாங்கிச்சு. கேட்டுக்க, சாமி குளிக்கிற கதை!

நாமளும் லேசுப்பட்ட ஆளு இல்ல. 1995-ல வந்த ரஜினி படம் முத்து, 1998-ல ஜப்பானுக்குப் போயி, டோக்கியோ ஷிபுயாவுல ஒரே தியேட்டர்ல 23 வாரம் ஓடுச்சு. ஆடும் மகாராஜான்னு அங்க பேரு. குதுரை வண்டி, பண்ணையாரு, துண்டச் சுத்துதது, பாட்டுக்குப் பாட்டு ஆட்டம், எல்லாம் அப்படியே போச்சு. ஜப்பான்காரனுக்குப் புரியணுமேன்னு மீனாவுக்கு யாரும் கிமோனோ உடுத்தல. முத்து அங்க பாத்த வசூல முந்த 2022-ல ஆர்ஆர்ஆர் படம் வரவேண்டியிருந்துது.

இதுல ஜப்பான் அரசாங்கம் பண்ணுன காரியம் ஒண்ணு கேளு. சரக்கு தானா ஓடுதேன்னு சந்தோசப்பட்டு சும்மா இருக்கலாம்லா? 2013-ல மக்கள் பணத்தையும் போட்டு "கூல் ஜப்பான்"னு ஒரு நிதியத் தொடங்குனாவ. நட்டத்து மேல நட்டம். கருப்பட்டிக்கு ஒரு வாரியம் இருக்கது எனக்கு ஏனோ ஞாபகம் வந்து தொலைக்குது.

இப்ப நீ சென்னைக்குப் போயி, டிக்கெட்டும் எடுத்து, வேசம் கட்டி நிக்கணும்னு பணம் கேக்க. அதுக்குப் பேரு காஸ்ப்ளே. நகோயாவுல 2003-லேருந்து வருசா வருசம் ஒலகமே கூடுதாம். லே, இங்கேருந்து கூப்பிடு தூரத்துல கெடக்கு குலசேகரப்பட்டினம். புரட்டாசித் தசரா பத்து நாளும் காளி, கரடி, கொரங்கு, குறவன் குறத்தி, ராசா, போலீசு, பிச்சைக்காரன்னு ஊரு பூராவும் வேசந்தான். காளி வேசக்காரனப் பக்கத்துல நின்னு பாத்திருக்கியா? தலையில கனத்த முடி, முதுகுல கட்டுன கைய, நாக்கத் தொங்கவிட்ட தகட்டு முகம், வேர்வையில கரையுத சாயம். பாரம் தாங்காமக் கழுத்து நடுங்கும். ஆனா கீழ எறக்கி வைக்கமாட்டான், விரதம்லா. காரு வச்சிருக்கவனும் பிச்சைக்காரன் வேசம் போட்டு வீடு வீடா வந்து கையேந்துவான். சேந்த பணம் முத்தாரம்மன் உண்டியலுக்கு. பத்தாம் நாள் ராத்திரி கடக்கரையில சூரசம்ஹாரம். நகோயாக்காரன் இதப் பாத்தா, போட்டிய இங்கன நடத்துங்கன்னு கால்ல விழுவான். நீ என்னன்னா மொட்டை மாடியில நின்னு "ஒரே சத்தம்"னு காதப் பொத்துத.

அதனால ஒரு யோசனை சொல்லுதேன். நருட்டோ வேசந்தான் வேணும்னா இந்தத் தசராவுக்கே போடு. அம்மன் நரிய வேண்டாம்னா சொல்லப் போறா? ஆனா முறையா மாலை போட்டு, காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஒங்க தெரு செட்டோட மேளத்துக்குப் பின்னால நடந்து வா. யாராவது இது என்ன சாமிடேன்னு கேட்டா முழுக்கதையவும் சொல்லு. வில்லுப்பாட்டு கேட்டு வளந்த சனம், விடிய விடிய ஒக்காந்து கேக்கும். எங்கடைக்கும் காணிக்கை கேட்டு வா. பத்து ரூவா தருவேன். செல்பிக்கு மட்டும் நிக்கமாட்டேன்.