பிங் போடுகிறவர்

இவருடைய லேப்டாப்பில் எந்த இணையதளமும் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அது இவருக்குப் போதாது. அந்த லேப்டாப்புக்குள் 86பாக்ஸ் என்றொரு எமுலேட்டர், அதற்குள் ஒரு பென்டியம் கணினி, அதற்குள் விண்டோஸ் 98. இன்டர்நெட்டுக்குப் போனால் அதிலிருந்துதான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பார். இல்லாத கணினியின் ஒவ்வொரு சில்லாகவும் மென்பொருளே நடிக்க வேண்டியிருப்பதால், லேப்டாப்பின் ஃபேன் மாவு மில் போல இரைகிறது. எதற்கு சார் இதெல்லாம் என்றால், "இப்ப வர்ற விண்டோஸ் எல்லாத்தையும் அதுவே பண்ணிக்குது தம்பி. நமக்கு என்ன வேலை இருக்கு?" என்பார்.

'இவர்கள்' என்று பன்மையில் எழுதினால் வம்பில்லை. எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கத்தானே செய்கிறார்? ஆனால் எழுத எழுத ஒருமை வந்துவிடுகிறது. எந்த மாடி என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இவர் பிங் போடுவார். நெட்வொர்க் வேலை செய்யாவிட்டாலும் பிங், வேலை செய்தாலும் பிங். கறுப்புத் திரையைத் திறந்து, ஒற்றை விரலால் கட்டளையைத் தட்டி, என்டரை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொள்வார். 32 பைட் பொட்டலம் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று ஒரு வரி விழும். சற்று இடைவெளி. இன்னொரு வரி. நான்கும் விழுந்த பிறகு முன்னால் குனிந்து எஃப்3 சாவியைத் தட்டுவார். பழைய கறுப்புத் திரையில் போன கட்டளையைத் திரும்பக் கொண்டுவருகிற சாவி அது. இவருடைய கீபோர்டில் அந்தச் சாவியின் எழுத்தே தேய்ந்துபோயிற்று. மறுபடி என்டர், மறுபடி சாய்வு, மறுபடி கைகட்டு.

"நடுவுல எதையாவது மாத்தினீங்களா சார்?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு?"

"இப்ப வரும் பாரு."

அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய சின்ன நிரல்தான் இந்த பிங். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எழுதினார் பாவம். எங்கள் சார் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் நாளைக்கு என்ன செய்வது என்று பயப்படுகிறவர்.

இந்தப் பழக்கம் கறுப்புத் திரையோடு நிற்பதில்லை. வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் அனுப்பிவிட்டு, உடனே போன் போட்டு "வந்துச்சா?" என்பார். நீல டிக் விழுந்திருக்கும்; இருந்தாலும் வாயால் கேட்க வேண்டும். வாட்ச்மேனை இன்டர்காமில் கூப்பிட்டு, அவர் "சொல்லுங்க சார்" என்றதும் "ஒண்ணுமில்ல, லைன் செக் பண்ணேன்" என்று வைத்துவிடுவார்.

சரி, நெட்வொர்க் கதைக்கு வருகிறேன். எமுலேட்டர்காரர்கள் நல்லவர்கள். ஒன்றும் தெரியாதவர்களுக்காக ஸ்லர்ப் என்று ஒரு வழியை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கணினிக்கு 10.0.2.15 என்ற முகவரியைத் தானே கொடுத்து, அதன் சார்பில் லேப்டாப் வெளியுலகத்தோடு பேசிக்கொள்ளும். அதில் ஒரு சங்கதி உண்டு: வாசல் முகவரியான 10.0.2.2-க்கு பிங் போட்டால் பதில் வரும். அதைத் தாண்டி வெளியே போட்டால் பெரும்பாலும் வராது. பிங் போகாதே தவிர இணையப் பக்கம் போகும். இதை எத்தனை தடவை சொன்னாலும் இவர் ஒரே பதில்தான் சொல்வார்: "பிங்கே போகலைங்கறேன், பேஜ் எப்படிப் போகும்?" உலாவியைத் திறந்து பார்க்கவே மாட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பைச் செத்துப்போயிற்று என்று இவரே அறிவித்து, இவரே அடக்கமும் செய்தார்.

அடுத்து, லேப்டாப்பின் வை-ஃபையிலேயே எமுலேட்டரை நேராகக் கோத்தார். ரூட்டருக்குத் தன்னிடம் பதிந்துகொண்ட மேக் முகவரியைத்தான் தெரியும். இல்லாத கணினியின் இல்லாத நெட்வொர்க் கார்டு வேறொரு மேக் முகவரியோடு வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? விண்டோஸ் 98 காத்திருந்து பார்த்துவிட்டு 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. முகவரி கொடுக்க யாரும் வரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். "பாத்தியா, ஐபி வந்துடுச்சு!" என்றார். பிறகு பிங்.

நடுநடுவே செட்டிங்கில் ஒரு எண்ணை மாற்றினாலும் ரீஸ்டார்ட் பண்ணவா என்று கேட்கும். விண்டோஸ் 98 சிடியைப் போடு என்றும் கேட்கும். அதையெல்லாம் விரித்தால் இந்த இதழ் பத்தாது.

கேபிள் போட்டால் சரியாகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஹாலில் இருந்த ரூட்டரைக் கழற்றித் தன் அறைக்குக் கொண்டுபோய், மேஜைக்கு அடியில் கால் வைக்கும் இடத்தில் வைத்தார். கேபிளைச் செருகியதும் ரூட்டரே 192.168 என்று நல்ல முகவரி ஒன்றைக் கொடுத்தது. வெளியே போட்ட பிங்குக்கும் நான்கு பொட்டலத்துக்கு நான்கு பதில் வந்தது. என்னை மாடியேறி வரச்சொல்லி அந்த நான்கு வரியையும் காட்டினார். அப்புறம்தான் உலாவியைத் திறந்தார். செய்தித்தாள் தளம் வரவில்லை. ரயில் டிக்கெட் தளம் வரவில்லை. விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-க்கு, இன்றைய தளங்கள் கேட்கிற டிஎல்எஸ் 1.2 பூட்டைத் திறக்கத் தெரியாது. அந்தப் பூட்டு வெளிவந்ததே 2008-இல்.

ஒரே ஒரு பக்கம் வந்தது. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வைத்த உலகின் முதல் இணையதளம். அதை இன்றும் பூட்டில்லாத எச்டிடிபியில் விட்டுவைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, நீல இணைப்புகள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மவுஸைத் தொடாமல் மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு, 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது, ஐஆர்க்யூ 3-க்காக மோடமும் இன்னொரு கார்டும் சண்டை போட்டால் ஜம்பரைப் பிடுங்கி மாற்றிச் செருகுவது என்று ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. எழுந்து வர மனமே வரவில்லை.

ஆனால் சாரின் மனைவியான ஆன்ட்டியின் கதை வேறு. ரூட்டர் மேஜைக்கு அடியில் போன நாளிலிருந்து சமையலறையில் சிக்னல் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேச, ஆன்ட்டி போனைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். "ஏங்க, பொண்ணு முகமே தெரியலைங்க" என்றால், உள்ளேயிருந்து "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று குரல் வருகிறது. 1998-ஆம் வருடத்தை இன்டர்நெட்டோடு இணைக்கத் தெரிந்த மனிதர் சொந்த வீட்டின் சமையலறையை இணைக்க மாட்டேன் என்கிறார். இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

இந்த இதழ் உங்கள் வீட்டுக்கும் வரும் என்று தெரியும் சார். ரூட்டரைத் திரும்ப ஹாலில் வையுங்கள். விண்டோஸ் 98-க்கு ஸ்லர்ப் போதும்.