அனாவின் கடன்பாக்கி

அக்கா மகள் இரண்டாம் படிவம் படிக்கிறாள். விடுமுறைக்குச் சுங்கைப்பட்டாணிக்கு வந்தவள், அடையாள அட்டையைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு நீலப் பலகையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அர்டுயினோவாம்.

"மாமா, நீங்க கூலிம்ல சிப்பு கம்பெனிலதானே இருந்தீங்க? சொல்லிக் கொடுங்க."

இருந்தது உண்மைதான். 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு அங்கே நான் ஓட்டியது பேக்டரி பஸ். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒரு புரோகிராம் இருக்கிறது. 33-இல் நிற்கும் ஆச்சரியக்குறி தொடங்கி 126 வரை 94 குறிகள். ஒவ்வொன்றின் எண்ணையும் நாலு விதமாக அச்சடிக்கும். ஆங்கில 'ஏ' நம் வழக்கில் 65. பதினாறின் அடியில் 41, எட்டின் அடியில் 101, இரண்டின் அடியில் 1000001. ஒரே ஆளுக்கு எதற்கு நாலு எண் என்று நான் கேட்கவில்லை. என் அப்பாவின் பெயர் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, தோட்டத்துச் செக்ரோல், இறப்புப் பத்திரம் நாலிலும் நாலு எழுத்துக்கூட்டல்.

ஆனால் 65 எப்படி 41 ஆகும்? அங்கேதான் நான் முழித்தேன். மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்:

"நாலு காட்டி ஒரு தாஹில்."

பீடோங் பக்கம் பால் வெட்டிய காலத்தில் கருவாடும் புளியும் அப்படித்தான் நிறுத்து வாங்கினார்கள். 16 தாஹில் ஒரு காட்டி. இன்றைய கணக்கில் 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். நாலு பதினாறு அறுபத்துநாலு, மேலே ஒன்று. "இதுக்கா கம்ப்யூட்டரு?" என்று அடுத்த கட்டை அவிழ்த்தார்.

பாட்டிக்கு மரியாதை செய்ய நினைத்து, அக்கா மகள் 'அ' போட்டாள். திரையில் வந்தது: மைனஸ் 32, மைனஸ் 82, மைனஸ் 123.

அம்மா எழுந்து வந்து பார்த்தார். "முதல் எழுத்துக்கே கடனா?" தோட்டத்துச் சம்பள நாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும், கடைப்பற்று போக மிஞ்சாத மாதங்கள் உண்டு.

கடன் இல்லையாம். யூனிகோடில் 'அ' 2949-ஆம் இடத்தில் இருக்கிறது. ஒரு பைட்டில் 255-க்கு மேல் அடங்காது. அதனால் 224, 174, 133 என்று மூன்று பொட்டலமாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பலகையோ 127-க்கு மேல் எது வந்தாலும் 256-ஐக் கழித்துக் கடன் பக்கம் எழுதிவிடும். ஆங்கிலம் 127-க்குள்ளேயே குடித்தனம் நடத்துவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

இதையெல்லாம் விளக்கியது அவள். நான் "ம், ம்" என்று ஆமோதித்தேன்.

முதல் பொட்டலத்தைப் பதினாறின் அடியில் போட்டதும் நிலைமை மோசமானது. வரிசையாக ஆறு 'எஃப்', பின்னால் ஒரு 'ஈ', ஒரு சுழியம்.

"எஃப்னா?"

"பதினஞ்சு, பாட்டி."

"ஆறு தடவை நிறுத்தும் ஆறு தடவையும் ஒரு தாஹில் குறையுதா? தராசுல கை வச்சிருக்கான்!"

அவள் எதையோ 'பைட்' என்று மாற்றி எழுதினாள். 'எஃப்' ஆறும் மறைந்து, 224 ஒழுங்காக வந்தது. அடுத்து "அம்மா" என்று போட்டாள். மூன்றெழுத்துதான், ஆனால் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியே மும்மூன்று பைட். அம்மா விரல்கணுக்களில் எண்ணிக்கொண்டே வந்தார்.

"பதினஞ்சு. மறுபடியும் ஒண்ணு குறையுது."

"இல்ல பாட்டி. கடைசியில ஒரு சுழியம் வச்சுத்தான் முடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதையும் சேத்தா பதினாறு."

"அப்ப சரி" என்று அம்மா கீரைக்குத் திரும்பினார். "முழுக் காட்டி."