நூறு வயது கூடிப்போன சிங்கர்

பாட்டி காலத்து சிங்கர் தையல் மிஷின் வைத்திருப்பவர் எல்லோரும் லட்சாதிபதிதான், விலை கேட்க ஆள் வரும்வரை.

தெரிந்தவர் ஒருவர் தன் மிஷினின் பித்தளை வில்லையில் 1851 என்று படித்துவிட்டார். பக்கத்திலேயே இருந்த 1951 மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அது கம்பெனியின் நூற்றாண்டு வில்லை. மிஷின் பிறந்தது 1951ஐ ஒட்டித்தான். சொன்னதும், ஏதோ நான்தான் அவர் சொத்திலிருந்து நூறு வருஷத்தைத் திருடியதுபோல் பார்த்தார்.

பிறந்த வருஷம் வேண்டுமென்றால் அடித்தட்டில் பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் 'ஒய்' என்ற எழுத்து இருந்தால் பிறந்த ஊர் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க், 'ஜி' என்றால் நியூ ஜெர்சி. ஊசிக்குக் கீழே உள்ள தகட்டில் இருப்பது பேட்டன்ட் தேதி. அதைப் பிறந்த தேதியாக நினைப்பது, அப்பாவின் கல்யாணப் பத்திரிகையைக் காட்டி வயசு சொல்வது மாதிரி.

அபூர்வமா என்றால், 1913ல் கிளைட்பேங்க் ஆலை மட்டுமே 10 லட்சத்துக்கு மேல் மிஷின்களை அனுப்பியது. இதில் அபூர்வம், மூடியும் சாவியும் தொலையாத மிஷின்தான்.

விலை ஏறிய காலமும் உண்டு. 2009ல் சவூதியில், பழைய சிங்கருக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்ற விலைமதிப்பற்ற பொருள் இருப்பதாகப் புரளி. செல்போனை ஊசியருகே நீட்டிச் சோதித்து, பல்லாயிரம் ரியால் கொட்டினார்கள். இரிடியம் கலசம் தேடும் நம்மூர் ஆட்களுக்கு அப்போது ஏனோ விசா கிடைக்கவில்லை.

நண்பர் இப்போது மிஷின் மேல் டி.வி. வைத்திருக்கிறார்.