மண்டை உப்பிய காலம்

சரித்திரத்தில் வைரம் திருடியவன் உண்டு, சிலை திருடியவன் உண்டு. கம்ப்யூட்டர் போர்டில் நிற்கிற கெப்பாசிட்டருக்குள் ஊற்றுகிற, எலக்ட்ரோலைட் என்ற தண்ணிக்கு ஆசைப்பட்டவர்களைக் காண நமக்கு 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2002-இல் தொழில் பத்திரிகைகளில் வந்த கதை இது: ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த விஞ்ஞானி சீனாவுக்குத் தாவி, பழைய இடத்து எலக்ட்ரோலைட்டுக்கு ஒரு நகல் காய்ச்சினார். அவருக்குக் கீழே இருந்தவர்கள் அந்த நகலையும் சுருட்டிக்கொண்டு தைவான் கம்பெனிகளிடம் போனார்கள். சுருட்டிய அவசரத்தில் குறிப்பில் கொஞ்சம் விட்டுப்போயிற்று. இன்றுவரை இது நிரூபணமாகவில்லை. எப்படி ஆகும்? "ஐயா, நான் வாங்கின திருட்டுச் சரக்கில் ஒரு சாமான் குறைகிறது" என்று எந்த முதலாளி போலீஸுக்குப் போவான்?

குறைந்த சாமான், அலுமினியத்தைத் தண்ணீரிடமிருந்து காக்கிற சேர்மானம். அந்த ரக எலக்ட்ரோலைட்டில் தண்ணீர்தான் அதிகம். காவல் இல்லாமல் இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்தால் ஹைட்ரஜன் பிறக்கும். மாட்டுங்கா யூ.டி.சி.டி. கெமிக்கல் காலேஜில் முதல் வருஷம் படிக்கிற பையனைக் கேட்டிருந்தால் டீ குடித்துக்கொண்டே சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. வாயு முட்டி, தட்டையான மூடி பூரி மாதிரி எழும்பி, அதில் கீறிவைத்த கோடு பிளந்து, பழுப்பாகக் கசிந்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது. மானிட்டர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படுத்தது.

பம்பாயில் பழி போட ஆள் தயாராக இருந்தது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதற்கப்புறம் எது செத்தாலும் வெள்ளம்தான் காரணம்.

"வெள்ளமா? நாங்க மூணாவது மாடி தம்பி" என்பார் செம்பூர்க்காரர்.

"சார், கண்டென்சர் போயிருக்கு. அஞ்சு மாத்தணும்" என்பான் ரிப்பேர் பார்க்கும் தாராவி தம்பி, மூடியைக் கழற்றிய அதே மூச்சில். கெப்பாசிட்டருக்கு அவன் பாஷையில் அதுதான் பெயர். மீட்டரைக்கூடத் தொட மாட்டான். பிராசசரைச் சுற்றி மண்டை வீங்கி நிற்கிற வரிசையைப் பார்க்கக் கண் போதும்.

மாற்றுவதுதான் வித்தை. போர்டின் கிரவுண்ட் பக்கம் செம்பு நிறைய. சூட்டையெல்லாம் அது குடித்துவிடும், ஈயம் இளகாது. கொஞ்சம் புது ஈயம் வைத்து, ஒரு காலைச் சூடாக்கி டப்பாவை இந்தப் பக்கம் சாய்த்து, மறு காலைச் சூடாக்கி அந்தப் பக்கம் சாய்த்து, பல்லைப் பிடுங்குகிற பொறுமையோடு எடுக்க வேண்டும். அடைத்த ஓட்டையைத் திறக்கத் தையல் ஊசி. புதியதில் வெள்ளைக் கோடு இருக்கும் பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும், அந்த நாற்றம் துணியை விட்டுப் போகாது. லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 105 டிகிரி சூடு தாங்கும் சரக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்பது கடவுளுக்கும் கடைக்காரருக்கும் இடையிலான விஷயம்.

இதே வியாதி அமெரிக்காவிலும் வந்தது, வைத்தியம்தான் வேறு. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பிய 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள் சந்தேகப் பட்டியலில் நின்றன. 2005-இல் 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதினார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை, பெட்டிகள் சாகின்றன என்று முறையிட்டது. ரொம்பக் கஷ்டமான கணக்குகளைப் போடவைத்து மெஷினை வாட்டுகிறீர்கள் என்று பதில் வந்தது. டெல் மீதான வழக்கில் 2010-இல் வெளியான ஆவணங்களில் இருக்கிறது, நான் கட்டிய கதையில்லை. கணிதத் துறை பின்னே என்ன செய்யும், கோலம் போடுமா?

இன்னொரு வேடிக்கை: டெல் பெட்டிகளில் உப்பியவை தைவான் நகல் இல்லை, ஜப்பானின் நிச்சிகான் தயாரிப்பு. அங்கே யாரும் எதையும் திருடவில்லை. திருடாமலும் கெடுக்கலாம் போலிருக்கிறது.

டெல்லுக்காக வழக்காடிய வக்கீல் ஆபீஸிலேயே சந்தேகத்துக்குரிய 1,000 கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றைச் சரிசெய்து தர டெல் முரண்டு பிடித்ததும் அதே ஆவணங்களில் வந்தது. நம் தாராவி தம்பியிடம் கேட்டிருந்தால் ஆயிரத்தையும் வாங்கிக்கொண்டிருப்பான். வக்கீல்கள் என்பதால் பாதிப் பணம் முன்கூட்டியே.