வந்திருக்கறது புது ஒறம்பரைங்க மாப்ள!

வாங்க மாப்ள, உக்காருங்க. பூச்சி திங்கற குடுவைச்செடியை ஆன்லைன்ல வாங்கி, பொட்டியப் பிரிச்ச கையோட மொட்டைமாடி வெயில்ல வெச்சீங்களாமா. ஈரோட்டு சித்திரை வெயில்ல! ஒறம்பரைய நல்லாத்தான் கவனிச்சிருக்கறீங்க.

கண்ணாலமான புதுசுல எங்கூட்டு போர் தண்ணியக் குடிச்சுப்போட்டு நாலு நாள் வவுத்தப் புடிச்சுட்டுக் கெடந்தீங்களே, மறந்துபோச்சுங்களா? அதே தண்ணியத்தான் அதுக்கும் ஊத்தியிருக்கறீங்க. குழாய் வாயில வெள்ளையாப் படிஞ்சிருக்கற உப்பை அதோட வேரு தாங்காது. சத்தில்லாத மண்ணுல பொறந்து, வேருக்குக் கெடைக்காததை எலையில பூச்சி புடிச்சுச் சம்பாதிக்கற சாதிங்க அது. மழைத்தண்ணி ஊத்துங்க. இல்லீன்னா நீங்க குடிக்கற ஆர்.ஓ. தண்ணியில பங்கு குடுங்க. உரம், எருன்னு மண்ணுல கைவெச்சுறாதீங்க. என்ற மொதல் செடிக்குச் சாணிக்கரைசல் ஊத்துனவன் நானு. அந்தச் சங்கதிய உங்கத்தைகிட்டக் கேளுங்க, இன்னும் சிரிக்கறா.

குடுவையெல்லாம் காயுதுன்னு எங்க புள்ள போன்ல ஒரே அழுகை. நர்சரியில ஈரக்காத்துல வளந்து, கூரியர் பொட்டியில இருட்டுல வந்தது. பழைய குடுவை காயத்தான் காயும். வெயில் படாத, வெளிச்சமான சன்னலோரமா வெச்சு, தொட்டியோட சேத்து மேல ஒரு கண்ணாடிப் பையக் கவுத்துங்க. ஒரு வாரம் சும்மா கெடக்கட்டும். அப்பறம் பைய ஒரு ஓரத்துல விரக்கடை தெறங்க. நாலஞ்சு நாளைக்கொருக்கா இன்னுங் கொஞ்சம். மாசக் கடைசியில எடுத்துப்போடலாம். பைமேல நேர் வெயில் பட்டுச்சுன்னா உள்ள செடி வெந்துரும், ஆமா.

குடுவைக்குள்ள விரலை உட்டு மூடி மூடுதான்னு வேற பாக்கறீங்களாமா. மூடாதுங்க மாப்ள. அது மழைக்குப் புடிச்ச கொடை. பூச்சி, விளிம்புல வழுக்கித்தான் உள்ள உழுகுது.

நல்லகாலம், லேபிள்ல வென்ட்ராட்டான்னு போட்டிருக்குது. தாக்குப்புடிக்கற கலப்புச் சாதி. போர்னியோவுல கினபாலு மலைமேல 1,500 மீட்டருக்கும் மேல வளர்ற ராஜா சாதிய வாங்கியிருந்தீங்கன்னா, ராத்திரிக் குளிருக்கு எங்க போவீங்க? ஏசி போட்டா எங்க புள்ளைக்குச் சளி புடிக்கும்.

இனி பழைய குடுவையப் பாத்துத் துக்கம் விசாரிக்காதீங்க. புது எலை நுனியில கொடி நீண்டு, முனை வீங்குதான்னு மட்டும் பாருங்க. ரெண்டு மூணு மாசம் ஆவும். எங்கூட்டுச் சோத்துக்கு நீங்க பழகறதுக்கே ஆறு மாசம் ஆச்சுங்க.